நாற்காலிக் கணக்கு

புருஷோத்தமனுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. இதைச் சித்தூர் ஜில்லாவில் ஒருவர்கூட நம்பியதில்லை. ஊதாக் கட்சிக்காரர்கள் அவரைப் பச்சைக் கட்சி ஆள் என்றார்கள். பச்சைக் கட்சிக்காரர்கள் ஊதாவிடம் சம்பளம் வாங்குகிறவர் என்றார்கள். பாவம் மனுஷன், இரண்டு நிறத்துக்கும் பயந்து வாழ்நாள் முழுக்க வெள்ளைச் சட்டையே போட்டார். ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்குவதற்குக்கூட மனைவி மல்லிகாவோடு சண்டை.

"பூப்போட்ட துணி வாங்கினா இன்னா, உலகமா முழுகிடும்?" என்பாள் அவள்.

பூ என்றால் இலை இருக்கும், இலை பச்சையாக இருக்கும், யாராவது போட்டோ எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்பார் இவர். அந்த வீட்டுக்குள் கறிவேப்பிலை நுழைந்ததே பெரிய விஷயம்.

பிறந்தது நகரிப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. திருப்பதியில் காலேஜ் முடித்த கையோடு அங்கேயே ஒரு தெலுங்கு தினசரியில் சேர்ந்தார். அது பச்சைக் கட்சியின் பேப்பர். கடையில் யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'பச்சை பேப்பர் ஒண்ணு குடு' என்றே வாங்குவார்கள். சேர்ந்த புதிதிலேயே ஒரு மந்திரி கூட்டத்துக்கு அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ஜனத்தைவிட போலீஸ் அதிகம். கண்ணால் கண்டதை அப்படியே எழுதிக் கொடுத்தார். ஆபீசில் அதைத் திருத்த உட்கார்ந்தவர், "போலீசும் ஜனம்தானேப்பா?" என்று சொல்லிவிட்டு, மக்கள் கடலெனத் திரண்டார்கள் என்று தலைப்பு வைத்தார். இவர் கத்தினார். வேலை போனது.

ஊதா பேப்பர்காரர்கள் ஆரத்தி எடுக்காத குறையாக அழைத்துக்கொண்டார்கள். அங்கே ஊதாத் தலைவரின் கூட்டம் வந்தது. அங்கும் போலீஸ் அதிகம், அங்கும் அதே கடல். இவர் அங்கும் கத்தினார். இரண்டு பேப்பரிலும் வேலை போன ஒரே ஆள் என்ற பெருமையோடு சித்தூருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை வீடு பிடித்துக் கட்டுரை எழுதிப் பிழைக்க ஆரம்பித்தார்.

ஒருமுறை ஊதா ஆட்சியில், எம்.எல்.ஏ.வின் மீசையைப் பற்றி வாட்ஸப்பில் ஒரு ஜோக்கைத் தள்ளிவிட்டதற்காக வெதுருகுப்பத்து ஆட்டோக்காரர் ஒருவரை உள்ளே தள்ளினார்கள். சிரிப்பதற்கு யாரிடமும் லைசன்ஸ் வாங்க வேண்டியதில்லை என்று இவர் காரசாரமாக எழுதினார். பச்சைக்காரர்கள் அதை நோட்டீசாக அடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள். பிறகு பச்சை ஆட்சி வந்தது. வேறொரு எம்.எல்.ஏ., வேறொரு மீசை, வேறொரு ஆட்டோக்காரர். இவர் பெயரையும் நிறத்தையும் மட்டும் மாற்றி அதே கட்டுரையைத் திரும்ப வெளியிட்டார். முன்பு நோட்டீஸ் அடித்தவர்களே இவர் மேல் கேஸ் போட்டார்கள். ஊதாக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். மாலையை வாசலிலேயே மறுத்துவிட்டார். அதில் ஊதாப் பூ இருந்தது.

வயது ஐம்பதைத் தாண்டியபோது யூடியூபில் 'ரெண்டு பேப்பர்' என்று ஒரு சேனல் தொடங்கினார். வீட்டு முன்னறையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே போன், மடியில் அன்றைய பேப்பர்கள் இரண்டும். பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஒரே சம்பவத்தை இரண்டும் எப்படி எழுதியிருக்கின்றன என்று வாசித்துக் காட்டிவிட்டு, சம்பவம் நடந்த இடத்துக்குத் தானே போய் விசாரித்ததைச் சொல்வார். முடிக்கும்போது தினமும் ஒரே வசனம்: "ரெண்டு பேப்பரும் ஒரே சேதியைப் போடற அன்னிக்கு நான் இந்தக் கடையை மூடிடறேன்." தன் ஆயுளில் அது நடக்காது என்ற தைரியம்தான்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கங்காதர நெல்லூர்க் கூட்டம். பச்சைத் தலைவர் பேசினார். லட்சம் பேர் என்றது பச்சை பேப்பர். ஆடுமாடு சேர்த்து இருநூறு என்றது ஊதா பேப்பர். மறுநாள் காலை இவர் மைதானத்துக்குப் போனால் ஜனமும் இல்லை, ஆடும் இல்லை. ஸ்ரீஹரி மட்டும் லாரியில் நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தார். ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர், எந்தக் கட்சிக் கூட்டம் என்றாலும் அவரிடம்தான் வர வேண்டும்.

"எவ்ளோ நாற்காலி ஸ்ரீஹரி?"

"ஆயிரம் அனுப்பினேண்ணா. இருநூறு கட்டே பிரிக்கல. அப்டியே திரும்பிப் போய்க்கினு கீது."

எண்ணூறு பேர் என்று அன்று சேனலில் அறிவித்தார். இரண்டு கட்சியும் திட்டின. ஜனங்களுக்கோ பிடித்துப்போய்விட்டது. இவ்வளவு எளிமையான உண்மையை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. அன்றிலிருந்து திருப்பதி முதல் நகரி வரை எங்கே கூட்டம் நடந்தாலும், 'நாற்காலிக் கணக்கு எப்போ வரும்ணா?' என்று கேட்டு மெசேஜ் குவிந்தது. புருஷோத்தமனும் கொஞ்சம் மிதந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கடைத்தெருவில் நடக்கும்போது முதுகு நிமிர்ந்தது. ஸ்ரீஹரி தன் கடையில் ஏழுமலையான் படத்துக்குப் பக்கத்தில் இவர் படத்தை மாட்டினார். உயிரோடு இருக்கிற மனுஷன் என்பதால் மாலை போடவில்லை, சந்தனப் பொட்டோடு நிறுத்திக்கொண்டார்.

கட்சிக்காரர்கள் என்ன முட்டாள்களா? முதலில் வருகிற ஆளைவிட அதிகமாக நாற்காலி கேட்டார்கள். அப்புறம்தான் அவர்களுக்கு விஷயம் உறைத்தது. ஜனத்தைக் கூட்டி வருவதென்றால் பஸ் வேண்டும், பிரியாணி வேண்டும், கூலி வேண்டும், பாதியில் எழுந்து போகாமல் கேட்டை வேறு பூட்ட வேண்டும். நாற்காலிக்கு வாடகை மட்டும் போதும். அது பசிக்கிறது என்று சொல்லாது, அடுத்த கட்சிக்கும் ஓட்டுப் போடாது.

புத்தூரில் நடந்த ஊதாக் கூட்டத்துக்கு இவரே நேரில் போனார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நாற்காலிகள். ஒன்றிலும் ஆளில்லை. மேடையில் தலைவர், "என் ரத்தத்தின் ரத்தங்களே, களைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்!" என்று நாற்காலிகளைப் பார்த்துக் கண் கலங்கினார். கைதட்டல் ஸ்பீக்கரில் வந்தது. இறங்கி வந்து முன்வரிசை நாற்காலிகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனவர் இரண்டாம் வரிசையில் இடறி விழுந்து கையை முறித்துக்கொண்டார். விழுந்தது புத்தூரில் என்பதால் புத்தூர்க் கட்டுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

அன்று சேனலில், "நாற்காலி எட்டாயிரம், மனுஷங்க பதினோரு பேர். அதுல நானும் ஒருத்தன்" என்றார். மறுநாள் ஊதா பேப்பரின் முதல் பக்கத்தில், எட்டாயிரம் என்று புருஷோத்தமனே ஒப்புக்கொண்டார் என்று வந்தது. இவர் பதறிப்போய், இனிமேல் நாற்காலியை நம்பாதீர்கள், அந்தக் கணக்கு செத்துப்போச்சு என்று விளக்கினார். அவ்வளவுதான், கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார்கள். 'நேத்து வரைக்கும் நாற்காலி உண்மை, இன்னிக்குப் பொய்யா? எவ்ளோ வாங்கினண்ணா?' என்று கேட்டார்கள். ஒரே வாரத்தில் பார்க்கிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். மனசு கேட்காமல் அடுத்த கூட்டத்துக்கு மறுபடியும் நாற்காலிக் கணக்கைச் சொன்னார். போனவர்கள் திரும்பி வந்தார்கள். தான் செய்வது தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தார்.

இந்த நேரத்தில்தான் ஒரே மகள் நந்திதாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் அவளோடு வேலை பார்க்கிற தீனா என்ற பையனை விரும்பினாள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா கன்னிகா நகரியில் பவர்லூம் போட்டு நடத்துகிறவள். அவள் பேச்சே தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய பேச்சு.

"சம்பந்தி, உங்களை லிபரல்னு சொல்றாங்களே, அது எந்தக் கட்சி? சின்னம் இன்னா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

கட்சி இல்லை என்று இவர் விளக்கினார். அவளும் நம்பவில்லை. ஆனாலும் பெண் பிடித்திருந்தது.

"வரதட்சணை எல்லாம் எனக்கு வேணாம். எங்க ஜனம் நாள் முழுக்கத் தறி முன்னாடி நின்னுக்கினே கெடக்கறவங்க. ஒரு கல்யாணம் காட்சின்னு போனாத்தான் உக்காருவாங்க. அதனால மண்டபத்துல ஆளுக்கு ஒரு நாற்காலி இருக்கணும். ஒருத்தர்கூட நிக்கக் கூடாது. நான் கேக்கறது அது ஒண்ணுதான்."

புருஷோத்தமன் சிரித்துவிட்டார். "நாற்காலிதானே! இந்த ஜில்லாவுல அந்த விஷயத்துல என்னை மிஞ்ச ஆள் கெடையாது. என் வாக்கு."

கன்னிகா அந்த வாக்கை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முகூர்த்தம் குறித்தாயிற்று, சித்தூரில் மண்டபமும் பிடித்தாயிற்று. அதற்குள் மண்டல பரிஷத் தேர்தல் வந்தது. கடைசிப் பிரசாரத்துக்கு இரண்டு கட்சிக்கும் ஜோசியர்கள் நல்ல நாள் பார்த்துக் கொடுத்தார்கள். நல்ல நாள் எல்லோருக்கும் ஒன்றுதானே? ஊதாவுக்குப் புத்தூர், பச்சைக்குக் கங்காதர நெல்லூர், நந்திதாவுக்குச் சித்தூர்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஸ்ரீஹரி போன் செய்தார். குரலே சரியில்லை.

"அண்ணா, மன்னிச்சுடு. ரெண்டு பேரும் வந்து மொத்தத்தையும் ஏத்திக்கினு பூட்டாங்க. உன் மண்டபத்து நாற்காலியையும் ஓனர் குடுத்துட்டாரு. ஸ்கூல் பெஞ்சு, சலூன் நாற்காலிகூட மிச்சமில்ல. திருப்பதியில கேட்டேன், அங்கயும் இல்ல. எல்லாம் நீ ஆரம்பிச்ச கணக்குதாண்ணா."

அன்று மத்தியானம் ஊதாக் கட்சி மண்டலத் தலைவர் இனிப்போடு வந்தார். எவ்வளவு நாற்காலி வேண்டுமானாலும் அனுப்புகிறோம், மேலே ஊதாத் துணி போர்த்தி முதுகில் கட்சி பெயர் மட்டும் இருக்கும், கல்யாணத்தைச் சேனலில் ஒரு நிமிஷம் காட்டினால் போதும் என்றார். அவர் போன சூடு ஆறுவதற்குள் பச்சைக் கட்சி மண்டலத் தலைவர் வந்தார். அதே இனிப்பு, அதே கடை. துணி மட்டும் பச்சை.

"வாங்கித் தொலைங்க. துணியை உருவிட்டா நாற்காலி நாற்காலிதான்" என்றாள் மல்லிகா.

"அதுல நம்ம ஜனம் உக்காந்த அன்னிக்கே என் முப்பது வருஷம் போச்சு."

"உங்க முப்பது வருஷத்துல பொண்ணைப் பெத்ததும் சேத்திதானே? அந்தம்மா கேட்டதே ஒண்ணே ஒண்ணு."

ஒரு கட்டத்தில் பெண் வீட்டுக்கு ஊதா, மாப்பிள்ளை வீட்டுக்குப் பச்சை என்று பாதிப் பாதி வாங்கினால் நடுநிலைதானே என்றுகூட யோசித்தார். மாப்பிள்ளை வீட்டுக்குப் பச்சை என்றால் அதற்கு என்ன அர்த்தம் கற்பிப்பார்கள் என்று பயந்து அதையும் விட்டார். கடைசியில் இரண்டு பேரிடமும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

"நைனா, நீ செஞ்சது சரிதான். ஆனா எங்க அத்தைக்கு யாரு சொல்றது?" என்று கேட்டாள் நந்திதா.

"நான் சொல்றேம்மா."

சொல்லவில்லை. நகரி நம்பரை எடுப்பார், பார்ப்பார், போனைக் கீழே வைத்துவிடுவார். மந்திரிகளை எதிர்த்து எழுதிய கைக்கு அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தத் தைரியம் வரவில்லை.

கல்யாணத்தன்று காலை நகரி ஜனம் வேன் வேனாக வந்து இறங்கியது. மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. கன்னிகா வாசற்படியிலேயே நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தாள்.

"நாற்காலி எங்க?"

புருஷோத்தமன் கையைப் பிசைந்தார். "சம்பந்தியம்மா, ஜமுக்காளத்துல..."

"நாற்காலின்னு வாக்கு குடுத்தீங்க. வரட்டும். வர வரைக்கும் நிக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் புதுசில்ல."

அவள் நின்றாள். அவள் நின்றதால் நகரி முழுக்க நின்றது. மாப்பிள்ளை வீடு நிற்கும்போது பெண் வீடு உட்கார முடியுமா? சித்தூரும் எழுந்து நின்றது. ஆசீர்வாதத்துக்கு வந்த ஸ்ரீஹரிகூடத் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக நின்றார். மண்டபம் நெரிய இவ்வளவு பேர் மரியாதையாக எழுந்து நிற்பதைத் தன் சர்வீசில் பார்த்திராத புரோகிதர், உற்சாகமாகி மந்திரத்தை நீட்டிக்கொண்டே போனார். நந்திதா தாலி கட்டிக்கொள்ளும்போது சிரிப்பை அடக்க முடியாமல், "தேசிய கீதம் பாடறாப்பல நிக்கறாங்க" என்று தீனாவின் காதில் சொன்னாள். பந்தியில் இலை போட்டபோதும் கன்னிகா உட்காரவில்லை. அவள் ஜனம் இலையைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே தின்றது. சாம்பார் ஓடியது. புருஷோத்தமன் ஒவ்வொருவரிடமும் போய்க் கும்பிட்டார். எல்லாரும் நல்ல முறையில் தலையாட்டினார்கள், அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் காலை வழக்கம்போல இரண்டு பேப்பரையும் வாங்கி மடியில் வைத்தார். பச்சையைப் பிரித்தார். முதல் பக்கத்தில் காலி மண்டபத்தின் படம். ஜனம் வருவதற்கு முன்னால் யாரோ வந்து எடுத்திருக்கிறார்கள். புருஷோத்தமன் மகள் திருமணம், நாற்காலி பூஜ்யம், எவரும் வரவில்லை என்று தலைப்பு. கீழே பொடி எழுத்தில், அவருடைய கணக்கின்படியே என்று இருந்தது. ஊதாவைப் பிரித்தார். அதே படம், அதே தலைப்பு. பொடி எழுத்துகூட மாறவில்லை.

அவர் வாழ்நாளில் முதல்முறையாக இரண்டு பேப்பரும் ஒரே சேதியைப் போட்டிருந்தன.

போன் ஓயவில்லை. மல்லிகாவின் சொந்தத் தம்பி, முந்தின நாள் ஜாங்கிரியை இரண்டு தடவை கேட்டு வாங்கியவன், "மாமா, யாரும் வரலியாமே? நான் வந்தாப்பலதானே ஞாபகம்?" என்றான். மல்லிகா கூட்டமாக எடுத்த போட்டோவைப் போட்டால், அது கம்ப்யூட்டரில் செய்தது என்று பதில் வந்தது.

புருஷோத்தமன் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, போனுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். நேரடி ஒளிபரப்பு.

"நாற்காலி பூஜ்யம். அது நெஜம். ஆனா மண்டபம் கொள்ளாம ஜனம் வந்தாங்க. நாற்காலியை வெச்சு நான் இத்தினி நாளா சொன்ன கணக்கெல்லாம் தப்பு. தப்புன்னு தெரிஞ்ச அப்புறமும் சொன்னேன். என்னை நானே மெச்சிக்கினதால என் பொண்ணு கல்யாணத்துல என் சம்பந்தி ஜனம் நின்னாங்க. ரெண்டு பேப்பரும் ஒரே சேதியைப் போட்டா கடையை மூடறேன்னு சொன்னேன். போட்டுட்டாங்க."

கீழே கமெண்ட் ஓடியது. 'சொந்தப் பொண்ணுன்னதும் கணக்கு மாறுதாண்ணா?' 'ஆதாரம்?' என்று வரிசையாக வந்தது. ஸ்ரீஹரியே எழுதியிருந்தார்: 'நானும் நின்னேண்ணா, ஆனா நாற்காலி இல்லாம எப்டி நம்பச் சொல்றது?'

வாசலில் வேன் நிற்கும் சத்தம். ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. கன்னிகா கையில் பேப்பரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே வந்தாள்.

"கடையை அப்பறம் மூடுங்க சம்பந்தி. கால் கடுக்க நின்ன ஜனத்தை வரலன்னு எழுதறானா? அந்தப் போனை எங்க பக்கம் திருப்புங்க."

புருஷோத்தமன் எழுந்தார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அதுதான். மேல்துண்டால் அதைத் துடைத்து அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"உக்காருங்க சம்பந்தியம்மா."

கன்னிகா நாற்காலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான் நகரி கன்னிகா. நான் கல்யாணத்துக்கு வந்தேன். நின்னுக்கினே பாத்தேன். பொண்ணு லட்சணம். சாம்பார்ல உப்பு கம்மி."

அவளுக்குப் பின்னால் வாசல் தாண்டித் தெரு வரை நகரி வரிசையில் நின்றது. ஒவ்வொருவராகப் போன் முன்னால் வந்து பெயரைச் சொன்னார்கள், வந்தேன் என்றார்கள், எங்கே நின்றோம், யார் காலை யார் மிதித்தார்கள் என்று சொன்னார்கள். புருஷோத்தமன் சுவரோரமாக நின்று ஒவ்வொருவரையும் கேட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கூட்டங்களைப் பற்றி எழுதியிருக்கிறார், கூட்டத்துக்கு வந்தவர்களை இப்படி ஆளாளாக நிறுத்திக் கேட்டதே இல்லை. அவர் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அதற்கு மறுநாள் இரண்டு பேப்பரும் உள்பக்கத்தில் திருத்தம் வெளியிட்டன. புருஷோத்தமன் வீட்டு வீடியோவில் ஒரு நாற்காலி தென்பட்டதால், அவர் மகள் திருமணத்துக்கு ஒருவர் வந்திருந்தார் என்று திருத்தி வாசிக்கவும் என்று இருந்தது.

புருஷோத்தமன் அதைப் படித்து முடிப்பதற்குள் நகரியிலிருந்து போன் வந்தது. பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது, அதையும் மீறிக் கன்னிகாவின் குரல் கேட்டது.

"சம்பந்தி, ஒருத்தர் வந்தாங்கன்னு போட்டிருக்கானே, அந்த ஒருத்தி நான்தானே?"

"நீங்கதான் சம்பந்தியம்மா."